நானூற்றுப் பதினாறாம் வில்லை

வெரோனா கார்ப்பாத்திய மலையிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரும்பாலை ஆட்களின் துணியைத் துவைத்தே அவள் கை வெந்துபோனது. எங்கள் மலைச் சனத்தின் பெயர் ஆலையில் எந்த மேஸ்திரி வாயிலும் நுழையாது. ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் ஒரு எண். ஆள் என்றால் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை உலை வெடித்து அவள் புருஷன் மாத்தே செத்தான். அள்ளிக் கொடுக்க உடம்பே மிஞ்சவில்லை. வெளியே மாட்டியிருந்த கோட்டோடு வில்லை மட்டும் வீட்டுக்கு வந்தது. வேலை அந்நியன் கைக்குப் போய்விடுவதற்குள் செத்தவனின் வில்லையை உறவுக்காரன் ஒருவனிடம் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். மறுநாள் விடிந்ததுமே வெரோனா தன் தம்பி ஓந்திரேயை அனுப்பினாள். மேஸ்திரி வில்லையைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

உடம்பு இல்லாததால், ஆள் செத்துவிட்டான் என்று ஆலை சீட்டு கொடுத்தால்தான் சாவுப் பூசை வைப்பேன் என்றார் பாதிரியார். அவள் ஆலை ஆபீசுக்குப் போய்ப் புருஷனின் வில்லை எண்ணைச் சொன்னாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினான்.

"நானூத்திப் பதினாறா? காலையிலயே வேலைக்கு வந்துட்டானேம்மா."

"அது என் தம்பிங்க. செத்தது என் வீட்டுக்காரரு."

"ஆலையில சாவு எத்தனைன்னு இன்ஸ்பெக்டருக்கு எழுதணும்னு புதுச் சட்டம். சாவு ஒண்ணுமில்லன்னு எழுதியாச்சு. அடுத்தவன் வில்லையில உன் தம்பி வந்திருந்தா அது திருட்டு, போலீசைக் கூப்பிடணும். உன் புருஷன் உசுரோட இருக்கானா இல்லையா, நீயே சொல்லு."

வெரோனா தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள்.

"இருக்காருங்க."