அப்பா யாருக்கு எழுதினார்?

ஜெலாப்பாங் வீட்டில் என் பேத்தி பள்ளிக்கூடப் படங்களைக் கோந்து தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை என்னைச் சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது.

அப்போது நான் சிறுமி. அப்பாவுக்கு மார்ச்சளி முற்றி, இனிப் பிழைக்கமாட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மாலையானால் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரை வரவழைப்பார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்வார். வாத்தியார் போன பிறகும் வீட்டில் உறை ஒட்டிய கோந்து வாசனை நிற்கும்.

ஒரு கடிதம் என்றால் அம்மா பொறுத்திருப்பாள். தினமும் எழுதவும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பலகைச் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள், இருமல்தான் கேட்டது.

"ஊர்ல இன்னொருத்தி இருக்கா. சாகப்போற நேரத்துல அவளுக்குத்தான் எழுதுறாரு," என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். கஞ்சி ஊட்டும்போதுகூட அம்மா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியில் வாத்தியாரை வாசலில் மறித்தாள். "யாருக்குங்க எழுதுறாரு? சொல்லிட்டுப் போங்க."

"அவரை வளர்த்த அக்காவுக்கும்மா. தம்பி செத்தது தெரிஞ்சா அந்தம்மா தாங்காதாம். இவரு போனப்புறம் வருசத்துக்கு ஒண்ணா அனுப்பணுமாம். எல்லாத்துலயும் சொகமா இருக்கேன்னுதான் இருக்கு."

அம்மா உள்ளே போனாள். "எனக்கு ஒண்ணும் எழுதலியா?"

"நீதான் பக்கத்துலயே இருக்கியே," என்றார் அப்பா. அன்று அவர் முகத்தைப் பார்த்தே கஞ்சி ஊட்டினாள்.

அப்பா போனார். வருடந்தோறும் ஒரு கடிதம் கப்பலேறியது. எல்லாம் தீர்ந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வாத்தியாரிடம் போனாள்.

"இன்னும் ஒண்ணு எழுதுங்கய்யா. மக பெரியவளாயிட்டான்னு, அவரு சொல்ற மாதிரியே எழுதுங்க."