ஏழு பக்கங்களில் ஒரே பொய்

"ஆதாரம் எங்கே?" என்று சிவப்புப் பேனாவால் எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார் எங்கள் கணினி ரீச்சர். உயர்தர வகுப்பில் நான் கொடுத்த செயற்றிட்டத்தின் மூன்றாம் பக்கம் அது. 'எங்கள் வீட்டுத் தொழில்' என்பது தலைப்பு. அப்பா குருநகரில் நண்டு வலை போடுகிறவர். வயிற்றில் முட்டைத் திரளோடு சிக்கும் சினை நண்டைக் கால் முறியாமல் கழற்றித் திரும்பவும் கடலிலேயே விட்டுவிடுவார். அவரோடு தொழிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். அதைத்தான் எழுதியிருந்தேன்.

ரீச்சர் எல்லாருக்கும் முன்னால் தேடுபொறியில் தட்டிப் பார்த்து, முதலாவதாக வந்த பக்கத்தை உரத்து வாசித்தார். குருநகர் மீனவர்கள் அறியாமையால் சினை நண்டுகளையும் விட்டுவைப்பதில்லை என்றிருந்தது.

"நெற்றிலை இப்பிடியெல்லோ கிடக்கு. நீர் எதைப் பார்த்து எழுதினீர்?"

"அப்பாவைப் பார்த்து, ரீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "கொப்பருக்கு வெப்சைற் இருக்கோடா?" என்றான் பின்வாங்கில் ஒருவன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை ஆதாரம் காட்டும். இல்லாட்டிக் கண்காட்சியிலை வைக்கேலாது" என்றார் ரீச்சர். பெற்றோரை அழைத்து நடத்தும் கண்காட்சி அது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பா, என் பள்ளிக்கூடத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர், அன்றைக்குத் தொழிலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து, வெள்ளைச் சேட்டு ஒன்றையும் தோய்த்து வைத்திருந்தார்.

அன்று பின்னேரமே நூலகக் கணினியில் உட்கார்ந்தேன். ஒரு தேடுபொறி சமையற் குறிப்பும் ஏற்றுமதி விளம்பரமுமாகக் கொட்டியது. அவற்றுக்கு நடுவே அந்த வாக்கியம். இன்னொன்றில் விளம்பரம் குறைவு, ஆனால் அதே வாக்கியம். மூன்றாவதிலும் அதுவே. மூன்றும் ஒத்துச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்குமோ என்று ஒரு கணம் அப்பாவையே சந்தேகித்தேன். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் வாக்கியத்தை முழுதாக மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். ஏழு பக்கங்கள், எழுத்துப் பிசகாமல். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் தேடியபோது, எல்லாவற்றுக்கும் பழையதொரு பக்கம் வந்தது. அது வேறொரு நாட்டுக் கரையைப் பற்றியது! யாரோ ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அந்தக் குற்றத்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவராவது எங்கள் கரைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேடுபொறிகளும் ஏழு தடவை சொன்ன பொய்யை ஏழு சாட்சியாக எண்ணிக்கொண்டன.

அந்தப் பழைய பக்கத்தையும் ரீச்சர் வாசித்த பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ரீச்சர் நிதானமாக வாசித்தார். "சரி, நீர் எழுதினது, நெற்றிலை கிடக்கிறது, ரெண்டையும் போடுவம். வாசிக்கிறவை முடிவெடுக்கட்டும்" என்றார். பொய்க்கும் உண்மைக்கும் ஒரே அளவில் ஒவ்வொரு காட்சி மட்டை. இதை நடுநிலை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

கண்காட்சியன்று அப்பா அந்த மட்டைகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னுடையதை வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்றவரிடம், "உது என்னைப் பற்றித்தான்" என்றார். பிறகு கேட்டார்: "மற்றதிலை என்ன போட்டிருக்கு?"

மறைத்திருக்கலாம். வாசித்தேன்.

அப்பா அந்த மட்டைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, "உதை எழுதினவரை ஒருநாள் வள்ளத்திலை வரச் சொல்லு, தம்பி. விடியமுன்னம் வெளிக்கிட வேணும் எண்டும் சொல்லு" என்றார்.

இப்போது தேடினால் அந்தப் பக்கங்கள்கூட முதலில் வருவதில்லை. தேடுபொறியே அந்த வாக்கியத்தைத் தன் பதிலாகச் சொல்கிறது, எழுதினவர் யாரென்றில்லாமல். கோபப்படுவதற்கும் ஓர் ஆளில்லை. பதில் பிழை என்று அறிவிக்கும் பொத்தானை அழுத்தி, விளக்கமும் எழுதி அனுப்புகிறேன். நேற்றும் அனுப்பினேன்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னவாம், வள்ளத்திலை வாறாராமோ?"