கடலுக்குப் போன கைபேசி

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினோம். விசைப்படகு கரையில் கிடந்ததால் என் கணவர் எந்நேரமும் போனும் கையுமாக வீட்டில் இருந்தார். அவர் எண்ணையே எழுதினோம்.

மகளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது இடம். யாராவது விலகினால் கூப்பிடுவதாகக் கல்லூரியில் சொன்னார்கள். அதற்குள் தடை முடிந்து அவர் கடலுக்குப் போய்விட்டார். ஆறாம் நாள் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும், தவறிய அழைப்புத் தகவல்கள் போனில் வரிசையாக வந்து விழுந்தன. மூவரும் கல்லூரிக்கு ஓடினோம்.

"மூணு நாளா கூப்பிட்டோம்மா, லைனே கிடைக்கல. அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாச்சுங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

மகள் அழவில்லை. "வாம்மா, போவலாம்" என்றாள். எனக்கும் அழுகை வரவில்லை. அந்த வருடம் அவள் வீட்டில் இருந்தாள்.

இப்போதெல்லாம் எந்தப் படிவத்திலும் கரையில் இருக்கும் என் எண்ணைத்தான் எழுதுகிறோம். இந்த வருட விண்ணப்பத்தில் அதை எழுதிய கையோடு, எதிரில் உட்கார்ந்தபடியே மகள் அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தாள்.

நான் எடுத்து, "சொல்லுங்க" என்றேன். அவள் போனை வைத்துவிட்டு, படிவத்தின் அடுத்த கட்டத்தை நிரப்பினாள்.

– செல்வி, கருக்களாச்சேரி