யாரும் கேட்பதில்லை என்று எழுதினேன்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், டார்ச் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைகளுக்குப் போய்வந்தேன். பெரிய பேட்டரி போடும் டார்ச்சில் சின்ன பேட்டரியைப் பொருத்த உதவும் பிளாஸ்டிக் குழல் ஒன்றையும் விற்றோம். மாதம் ஒன்றிரண்டுதான் போகும். அதைத் தொடரலாமா என்று கம்பெனி கேட்டபோது, கடைகளில் விசாரிக்காமலே ‘யாரும் கேட்பதில்லை’ என்று எழுதி அனுப்பினேன். குழலை நிறுத்திவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து நான் ஒரு கடையில் நின்றிருந்தபோது, மாநகராட்சியில் மூடிய சாக்கடை ஓடைகளைச் சுத்தம் செய்யும் செல்வம் வந்தார்.

“சேட்டா, அந்தக் குழல் வந்துச்சா?”

கடைக்காரர் என்னைக் கைகாட்டினார்.

“வாங்க ஆளில்லன்னு நிறுத்திட்டாங்க” என்றேன்.

“நாங்க அஞ்சு பேரு உண்டே, சாரே! ஓடைக்குள்ள ரெண்டு கையும் வேணும். டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்குவோம். பெரிய பேட்டரின்னா கனம், தாடை விட்டுப்போகும்.”

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

கம்பெனிக்கு எழுதினேன். குழல் வார்க்கும் அச்சை ஏற்கெனவே உடைத்துவிட்டார்களாம். கிடங்கில் மிஞ்சியிருந்த ஏழு குழல்களைக் கேட்டு வாங்கி அவரிடம் கொடுத்தேன். ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு கடையில இருக்கட்டும். வேற யாராச்சும் தேடி வருவாங்க.”

அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அதை நிறுத்தியது என் ஒரு வரிதான் என்று செல்வத்திடம் கடைசிவரை சொல்லவில்லை. இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.