பட்டி தேடிய காந்தம்

காரின் முன்மூடி மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார் காந்தம். மூடி சூடாக இருந்தால், வாங்க வருகிறவர் வந்து சேர்வதற்குள் விற்பவர்கள் எஞ்சினை ஒருமுறை ஓட்டி வைத்துவிட்டார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள்.

"சில்லுனுதான் இருக்கு" என்றார்.

"ஒன்பது வருஷமா ஸ்டார்ட்டே பண்ணல சார்" என்றார் பல் டாக்டரம்மா. "சூடா இருந்தாத்தான் பயப்படணும்."

வாகனக் காப்பீட்டில் இருபத்தாறு வருடம் சர்வேயராக இருந்தவர் காந்தம். நசுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்து, நசுங்காத கார்களின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. சட்டைப் பையில் மஞ்சள் துணியில் சுற்றிய காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். பெயர் வந்தது அதனால்தான். காந்தம் தகரத்தில் ஒட்டும்; பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. துணி எதற்கென்றால், அடுத்தவர் காரில் கீறல் விழக்கூடாது. அந்தத் துணிக்கு வேறு வேலையே கிடையாது. மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால்கூட அதை எடுத்துத் துடைக்க மாட்டார்.

பழைய கார் வாங்கப் போகும் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அரைமணி நேரம் தட்டி, முகர்ந்து, குனிந்து பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்பார். அவர் வாயில் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள். மைத்துனர் அப்படிக் கைவிட்ட ஒரு காரை காந்தத்தின் எதிர்வீட்டுக்காரர் வாங்கி, பதினோரு வருடமாக ஓட்டுகிறார். "தினமும் என்னைத் தாண்டித்தான் போறாரு. ஹாரன் வேற அடிக்கிறாரு" என்று காந்தமே சொல்லிச் சிரிப்பார். சரி என்று அவர் சொன்ன கார் ஒன்றுகூட இல்லை. அவர் ஓட்டுவது மாமனார் கொடுத்தது. குறை காண்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: எதையும் எடுத்துக்கொள்ளாதவன் ஏமாறுவதில்லை. இருபத்தாறு வருடமாக அவர் ஏமாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொள்ள இந்த டாக்டரம்மாவிடம் வந்தவர், ஜன்னல் வழியாகப் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சிவப்பு மூக்கைப் பார்த்தார். இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். டாக்டரம்மாவின் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. பல் சரியான பிறகும் மூன்று முறை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இன்று நான்காவது முறை. மனைவியும் வந்திருந்தாள். ஐந்து மணிக்குக் காரை வாங்க வேறொருவர் வருவதாக இருந்தது.

"இன்னைக்கும் பார்க்கலாம்னு சொன்னீங்கன்னா அதோட விட்டுடணும்" என்று வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள் அவள். "சாப்பிடும்போது போன்ல அதோட போட்டோவ வச்சுக்கிட்டு உட்காரக்கூடாது."

டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகி வெடித்திருந்தன. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. உள்ளே மெத்தென்று வெள்ளைப் பஞ்சு. "எங்க பஞ்சுதான்" என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் சீட் பெல்ட்டின் அடியில் சேற்றுக்கோடு இருக்கும். காந்தம் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். கோடு இல்லை. ஆனால் பெல்ட் திரும்ப உள்ளே போகவில்லை.

"நாப்பது நிமிஷமாத் தட்டுறீங்க சார். நானா இருந்தா இதுக்குள்ள வேரையே எடுத்திருப்பேன்."

பிறகு கதவில் காந்தத்தை வைத்தார். விழுந்தது. முன்மூடி, கூரை, பின்பக்கம் என்று வைத்த இடமெல்லாம் விழுந்தது. நோட்டில் 'முழுக்கப் பட்டி' என்று எழுதி அடிக்கோடிட்டார். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: "டாக்டர், உங்க தம்பி உங்ககிட்ட எதையோ மறைச்சிருக்காரு. இது பலமா உருண்டிருக்கு. ஒரு இடத்துலகூடத் தகரம் மிஞ்சல."

"தகரமே கிடையாது சார். ஃபைபர் பாடி. செய்யும்போதே அப்படித்தான்."

அப்படிப்பட்ட கார்கள் உண்டென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கையில் காந்தம் இருந்ததில் மறந்துபோயிற்று.

"வீட்டுல பிளாஸ்டிக் வாளியிலயும் ஒட்டாதுங்க" என்றாள் மனைவி. "அதையும் பட்டின்னு எழுதிக்கோங்க."

"நல்லவேளை, என் தலையில வச்சுப் பார்க்கல. அங்கயும் இதேதான் காட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்தார்.

கதவைத் திறந்து உள்ளே இறங்கினார். ஏறுவது என்று அதைச் சொல்ல முடியாது. முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்தன. "வந்துட்டேன். வெளிய வர்றதப் பத்தித் தனியா யோசிக்கணும்" என்றார். மறுபக்கக் கதவைத் திறந்து மனைவியும் உட்கார்ந்தாள். பூஞ்சை வாசனை. எதிரே தூசு படிந்த கண்ணாடி. அதற்கு அப்பால் ஷெட்டின் சுவர். இருவரும் சிறிது நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா ஜன்னலருகே குனிந்தார். "அஞ்சு மணிக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்லட்டும் சார்?"

'பார்க்கலாம்' என்பதன் 'பா'வுக்காக அவர் உதடுகள் ஒட்டின. மனைவி பார்த்துவிட்டாள்.

ஒட்டிய உதடுகள் பிரியவில்லை. அவர் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்து, காந்தத்தை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் துணியை ஒருமுறை உதறி, ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து தொடங்கித் தூசு துடைக்க ஆரம்பித்தார்.