பின்பக்கம் கண்டக்டர் பொறுப்பு

கரண்டியால் பாத்திரத்தில் டங், டங் என்று இருமுறை தட்டினால்தான் எதிர்வீட்டு அண்ணன் சாப்பிட எழுந்திருப்பார். ஒரு தட்டுக்கு அசையமாட்டார். அது வண்டியை நிறுத்தச் சொல்வது. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற உலகத்துக்கு மட்டுமே அவர் பொறுப்பு. "பின்னாடி நடக்கறத கண்டக்டர் பாத்துக்குவார்" என்பார். வீட்டில் அந்தப் பதவி அவர் மனைவிக்கு. கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவர் நடந்துகொண்டே இருப்பார்; அக்கா பின்னாலேயே வந்து சாத்துவார்.

ராணுவம் கழித்துக்கட்டிய பச்சை லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து முற்றத்தில் நிறுத்தினார். எதற்கு என்றால், "நிக்கட்டுமே, உங்கள என்ன பண்ணுது?" பிறகு சுற்றுச்சுவர் எழுந்தது. வாசலுக்கு எவ்வளவு அகலம் என்று கொத்தனார் கேட்டதற்கு, லாரியின் முன்பக்கத்தை அளந்து சொன்னார். சிமென்ட் காய்ந்த பிறகுதான் கவனித்தார்: பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர்கள், இடுப்புச் சதைபோலப் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"எதுக்குமே பின்பக்கம்னு ஒண்ணு உண்டுன்னு உங்களுக்கு எப்பத்தான் தெரியும்?" என்ற அக்கா, கையோடு தீர்ப்பும் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அது தன் கால்ல வாசலைத் தாண்டுச்சுன்னா வச்சுக்குங்க. இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வந்து துண்டு துண்டா வெட்டி அள்ளிட்டுப் போகட்டும். எனக்குத் துணி காயப்போட இடமில்ல."

வாசல் தூணை இடித்துவிடலாமே என்றேன்.

"கொத்தனார் அவ தம்பி. ஊரைக் கூட்டிச் சிரிச்சுட்டுத்தான் கடப்பாரையத் தொடுவான்."

ஆகவே இரட்டை டயரை ஒற்றையாக்கும் வேலை தொடங்கியது. வெளிச்சக்கரத்தை மட்டும் கழற்றினால் போதாதா? "நாலு பேர் தூக்கின சுமைய ரெண்டு பேர் தூக்கணும்னா உடம்பு வேணாமா?" என்று தடித்த டயர்கள் இரண்டை உருட்டி வந்தார். ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, ஸ்பானரில் குழாயைச் செருகி அதன்மேல் ஏறிக் குதித்தார். இடப்பக்க நட்டுகள் எதிர்ப்பக்கம் சுழல்பவை. அது நினைவுக்கு வருவதற்குள், கழற்றுவதாக எண்ணி அரைநாள் இறுக்கியிருந்தார். பனியன் மட்டும் கழன்று வந்தது.

வியாழன் மாலை இரண்டையும் மாட்டி அளந்தார். அகலம் இம்மியும் குறையவில்லை. ரிம்மின் குழிந்த முகத்தை வெளியே பார்க்க மாட்டியிருந்தார். டயர் வெளியே தள்ளி நின்றது. "பஸ்ல பின்சக்கரம் குழிஞ்சுதானே இருக்கும்!" இருக்கும்தான், ஆனால் அது ஜோடியில் வெளியே இருப்பது. ஒற்றையாக நிற்பதற்குக் குழி உள்ளே பார்க்க வேண்டும். மறுபடி ஜாக்கி, மறுபடி குழாய்.

வெள்ளிக்கிழமை காலை. இரும்புக்காரர் வெட்டுவதற்கான காஸ் சிலிண்டரோடு வாசலில் காத்திருந்தார். லாரி இருமியது, புகைந்தது, தூண்களுக்கு நடுவே ஊர்ந்தது. பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. முழுசாகத் தெருவுக்கு வந்து நின்றது. இரும்புக்காரர் முனகிக்கொண்டே சிலிண்டரைத் தூக்கினார்.

"ஜெயிச்சிட்டீங்க. இப்ப எங்க போறதா உத்தேசம்?" என்றார் அக்கா.

அண்ணன் அதை யோசித்திருக்கவில்லை. "எங்க போறது? உள்ளதான் விடணும்."

பின்கியரைப் போட்டார். போட்டவர், முன்கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்து திரும்பவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா ஈரத்துணி வாளியைக் கீழே வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். லாரியின் பின்னால் போய், உள்ளங்கையால் தகரத்தில் இருமுறை தட்டினார்.