சோப்பு வைத்து அடைத்த டேங்க்

பேச்சியம்மாளைக் கொன்றது நான்தான். அவள் புருஷன் மொக்கச்சாமியின் பீடி அல்ல.

இத்தனை வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அழுதுகொண்டே சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அழுகை எப்போதோ தீர்ந்துவிட்டது... அல்லது வரவே இல்லை. எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

போடியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. எழுபதுகளில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள்தாம் எனக்குச் சோறு போட்டன. போடிமெட்டுப் பாதையில் கல் தெறித்துப் பெட்ரோல் டேங்க் ஓட்டையாகாத ஜீப்பே கிடையாது. வழியில் ஒழுகினால் டிரைவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? துணி துவைக்கும் பார் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது. மலையெல்லாம் சுற்றிவிட்டுச் சாவகாசமாக என்னிடம் வருவார்கள். ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு துண்டுச் சோப்பு கிடக்கும். கை கழுவுவதற்கு அல்ல!

மெட்டுக்கு அப்பால், கேரளத்து அணைத் தண்ணீருக்கு அக்கரையில் ஒரு தோட்டம் இருந்தது. ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க மோட்டார் படகு வைத்திருந்தார்கள். ஓயாத சாரலில் அதன் இரும்பு டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. துருப்பிடிக்காத அலுமினியத்தில் புதிதாகச் செய்து தர முடியுமா என்று தோட்டத்து சூப்பர்வைசர் வந்து கேட்டார்.

முடியும் என்றேன். அலுமினியத்தில் அதுவரை நான் வெல்டிங் வைத்ததே இல்லை. படகை நேரில் பார்த்ததுகூட இல்லை! முடியாது என்ற சொல்லைப் பக்கத்துப் பட்டறைக்காரன் சொல்லட்டும், என் வாயில் வராது... அப்படி ஒரு கொழுப்பு.

மதுரையிலிருந்து தகடு வந்தது. இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, சட்டென்று உருகிக் கீழே ஒழுகிவிடும். நிறையத் தகட்டைப் பாழாக்கிய பிறகு ஒருவாறு கைக்கு வந்தது. படகு ஆடும்போது பெட்ரோல் அலைமோதக் கூடாது என்று உள்ளே தடுப்புத் தகடுகள்கூட வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க, வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். கீழ்மூலை ஒன்றிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஊசிமுனை அளவு ஓட்டை. அந்த மூலை ஏற்கெனவே உருகி உருகி மெலிந்திருந்தது. மறுபடி நெருப்புக் காட்டினால் மூலையே போய்விடும். அடித்தகட்டைப் பிரித்துப் புதிதாகத்தான் போடவேண்டும்.

வாசலில் சூப்பர்வைசர் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, முடிஞ்சுதா? காய் பழுத்து நிக்குது. அக்கரைக்கு ஆளு போகணும். வெரசா கொண்டாங்க."

முடிந்தது என்றேன். மூலையில் சோப்பைத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தேன். வேறு எவனாக இருந்தாலும் இதைத்தானே செய்திருப்பான்? இந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்காத நாளில்லை. வேறு எவனோ செய்யவில்லையே, நான்தானே செய்தேன்!

டேங்கைப் பொருத்தவும் நானே போனேன். படகோட்டி மொக்கச்சாமி தேவாரத்துக்காரன், வாயாடி. பின்பலகைக்கு அடியில் மரச்சட்டம் அடித்து, டேங்கை இறக்கி, பட்டை போட்டு இறுக்கி, குழாயை மாட்டினோம். அப்போதுதான் கவனித்தேன். படகுக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடந்தது; டேங்கின் கீழ்மூலை அதில் முங்கி நின்றது.

"இது என்னப்பா தண்ணி?"

"வள்ளம்னா தண்ணி கெடக்கத்தான்ணே செய்யும். செரட்டைய வச்சுக் கோரி ஊத்திருவேன்."

பெட்ரோலில் சோப்பு கரையாது. தண்ணீரில்? நான் என்ன, சோப்புப் போட்டுக் குளிக்காதவனா! ஜீப்பு டேங்க் ஒழுகினால் ரோட்டில் சொட்டிக் காற்றோடு போய்விடும். இங்கே சொட்டுவது எங்கே போகும்? இதெல்லாம் பின்னால் தோன்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்போதே தோன்றியது.

அவன் காதிலிருந்த பீடியை எடுத்துக்கொண்டே சிரித்தான்.

"பழசு ஒழுகுனதுல இருந்து வள்ளத்துல பீடியவே தொடலண்ணே. இனிப் பயமில்லாம இழுக்கலாம்."

நானும் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

அந்தக் காய் எடுப்பு முடிவதற்குள் அது நடந்தது. சாயங்காலம் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு இக்கரை திரும்பியிருக்கிறான். அவன் மனைவி பேச்சியம்மாள், டேங்க் இருந்த பின்பலகைமேல் உட்கார்ந்திருக்கிறாள். கரை நெருங்கும்போது அவன் தீக்குச்சி கிழித்தான். உள்ளே கிடந்த தண்ணீரில் பெட்ரோல் மிதந்திருக்கிறது; படகின் அடி முழுக்கப் பற்றியது. முன்னால் இருந்தவர்கள் குதித்துக் கரையேறிவிட்டார்கள். இவள் பற்றிய சேலையோடு பின்பக்கம் குதித்தாள். பின்பக்கம் ஆழம். அவளுக்கு நீச்சல் தெரியாது.

பாதி எரிந்து மூழ்கிய படகிலிருந்து டேங்கை எடுத்து, சூப்பர்வைசர் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கூடவே மொக்கச்சாமி, இரண்டு கைகளிலும் கட்டோடு.

"பெட்ரோல் வாடை வந்துச்சுண்ணே. புது டேங்குதான, ஊத்துறப்ப சிந்திருக்கும்னு விட்டுட்டேன். டேங்க்குல எதும் கோளாறு இருக்குமாண்ணே?"

டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். மேல்தகடு உருகிச் சரிந்திருந்தது. தண்ணீருக்குள் இருந்த கீழ்மூலை அப்படியே இருந்தது. பெயின்ட் உரிந்து, சோப்பு போய், ஓட்டை கண் திறந்திருந்தது. அதன்மேல் என் பெருவிரலை வைத்துக்கொண்டு, மற்ற மூலைகளை எல்லாம் அவர்களுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"டேங்க்குல ஒரு குத்தமும் இல்லப்பா. நீ சொன்ன மாதிரி ஊத்துறப்ப சிந்திருக்கும்."

சூப்பர்வைசர் அவனைப் பார்த்த பார்வை... "சிந்துனதும் நீ, கிழிச்சதும் நீ!" அன்றோடு மொக்கச்சாமியின் வேலை போயிற்று.

பீடி இல்லாவிட்டால் தீ ஏது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தவன்தான். பயமில்லாமல் இழுக்கலாம் என்று அவனை நம்பவைத்தது யார்? போலீசுக்கோ ஜெயிலுக்கோ நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. போடியில் அலுமினியத்தில் கைவைத்த முதல் ஆள் என்ற பெயர் போய்விடுமே என்றுதான் பயந்தேன். இவ்வளவு அற்பமான காரணமா? ஆமாம், இவ்வளவுதான்!

மொக்கச்சாமி தேவாரத்தில் டீக்கடை போட்டான். அங்கே பீடி பற்றவைத்தால் அவனே பிடுங்கி எறிவானாம். போடிக்கு வந்தால் என் பட்டறையில் நிற்காமல் போகமாட்டான். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வான்.

"அன்னைக்கு ஒங்க டேங்க்க சந்தேகப்பட்டுட்டேன்ணே. மனசுல வச்சுக்கிறாதீங்க."

போன முறை வந்தபோது கூடுதலாக ஒன்று சொன்னான். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள் அவள். தகப்பன் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"ஆத்தாவக் கொன்னவன் ஆசீர்வாதம் வேணாங்குறாண்ணே. சரியாத்தான சொல்றா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தக் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது, அவன் போயிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"டீ சாப்பிடுறியா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தான். புறப்படும்போது, எப்போதும் போல, தழும்பேறிய இரண்டு கைகளாலும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டான். என் பெருவிரலும் அதற்குள்தான் இருந்தது.